காலில் எரிச்சல், மதமதப்பு: நரம்பு பாதிப்பின் காரணங்களும் அறுவை சிகிச்சை இல்லாத சிகிச்சைகளும் (முழுமையான வழிகாட்டி)

இரவு படுத்ததும் பாதம் எரிய ஆரம்பிக்கும். போர்வை உரசினாலே சுள்ளென்று இருக்கும். பகலில் அதே பாதம் மதமதவென்று, பஞ்சு மேல் நடப்பது போல இருக்கும். மெடிக்கல் ஷாப்பில் சொன்னால் "நரம்பு மாத்திரை" என்று ஒரு அட்டையை எடுத்துக் கொடுப்பார்கள். பத்து நாள் சாப்பிட்டுவிட்டு, "கொஞ்சம் பரவாயில்லை" என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டு அடுத்த அட்டை வாங்குவோம். இப்படியே இரண்டு மூன்று வருடத்தை ஓட்டியவர்கள் எல்லாத் தெருவிலும் உண்டு.

அந்த அட்டையை வாங்குவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: நரம்பு ஏன் கெட்டது? நரம்பு பாதிப்பும் காய்ச்சல் மாதிரிதான். டைபாய்டா, டெங்குவா என்று பார்க்காமல் காய்ச்சல் மாத்திரையை மட்டும் விழுங்கிக்கொண்டிருந்தால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கேயும் ஆகும். காரணத்தைப் பிடித்துவிட்டால் பலருக்கு மேற்கொண்டு கெடாமல் நிறுத்தலாம், சிலருக்கு முழுதாகவே சரியாகும். கத்தி வைக்க வேண்டிய தேவை மிகச் சிலருக்குத்தான் வரும்.

நரம்பில் என்ன நடக்கிறது

மூளையையும் தண்டுவடத்தையும் விட்டு வெளியே வந்து கை, கால், தோல், குடல் என்று ஓடுகிறவை புற நரம்புகள். இவற்றில் மிக நீளமானவை இடுப்புப் பக்கத்திலிருந்து கால் விரல் நுனி வரை போகின்றன. கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம். அத்தனையும் ஒரே செல்லின் இழை. கடைசி முனைக்குத் தேவையான சத்தெல்லாம் அந்த நீளத்தைக் கடந்துதான் போக வேண்டும். சர்க்கரை கூடினாலும், வைட்டமின் குறைந்தாலும், மது ஊறினாலும் முதலில் தடுமாறுவது அந்த முனைதான். அதனால்தான் பெரும்பாலான நரம்பு பாதிப்பு இரண்டு கால் விரல்களிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தொடங்கி, மெல்ல மேலே ஏறுகிறது. முழங்கால் பக்கம் வரும்போது கை விரல் நுனியிலும் ஆரம்பிக்கும்.

எந்த வகை இழை கெடுகிறது என்பதைப் பொறுத்து தொந்தரவு மாறும். மெல்லிய இழைகள் வலி, சூடு, குளிர்ச்சி ஆகியவற்றைச் சுமப்பவை. இவை கெட்டால் எரிச்சல், குத்தல், எறும்பு ஊர்வது போன்ற உணர்வு. தடித்த இழைகள் அதிர்வையும், கால் எந்த நிலையில் இருக்கிறது என்ற தகவலையும் கொண்டுபோகின்றன. இவை கெட்டால் இருட்டில் தள்ளாட்டம், கண்ணை மூடி முகம் கழுவும்போது சாய்ந்து விழப்போவது போன்ற நிலை. தசைக்குப் போகும் இழை கெட்டால் பலவீனம். இதயம், வயிறு, சிறுநீர்ப்பை ஆகியவற்றை நம்மைக் கேட்காமலே நடத்துகிற தானியங்கி நரம்புகள் கெட்டால் எழுந்து நின்றதும் தலைசுற்றல், இரண்டு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்த உணர்வு, ஆண்மைக் குறைவு, வியர்வை மாற்றம் எல்லாம் வரும். இந்த வகையினருக்கு மாரடைப்பு வந்தாலும் நெஞ்சுவலி தெரியாமல் போகலாம்.

இன்னொரு கணக்கையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சேதமான புற நரம்பு மறுபடி வளரும்போது நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். அதாவது மாதத்துக்கு ஓர் அங்குலம். "ஒரு மாதமாக மருந்து சாப்பிடுகிறேன், ஒன்றும் தெரியவில்லை" என்று சிகிச்சையை விட்டுவிடுகிறவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

படி 1: எங்கே, எப்படி என்று குறித்துக்கொள்ளுங்கள்

டாக்டரிடம் போவதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள். எந்த இடத்தில் தொடங்கியது, ஒரு பக்கமா இரு பக்கமா, எத்தனை நாளில் எவ்வளவு பரவியது, இரவில் கூடுகிறதா. பாதிக் காரணம் இந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

இரண்டு பாதமும் சமமாக, மாதக்கணக்கில் மெதுவாக என்றால் சர்க்கரை, பி12, மது, மருந்துகள், சிறுநீரகம் என்ற பட்டியலில் தேட வேண்டும். கட்டைவிரலிலிருந்து நடுவிரல் வரை மட்டும் மரத்து, நடுராத்திரி எழுந்து கையை உதறினால் சரியாகிறது என்றால், அது பெரும்பாலும் மணிக்கட்டில் நரம்பு அழுந்துவது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் என்றால் முழங்கையில் பாருங்கள். இடுப்பிலிருந்து ஒரு காலில் மட்டும் மின்சாரம் பாய்வது போல இறங்கினால் முதுகெலும்பு வட்டில் பிரச்சினை இருக்கலாம். அது வேறு கதை. உடம்பில் வெளுத்த அல்லது சிவந்த தேமல், அதில் தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால் தொழுநோயை நினைக்க வேண்டும்.

நெஞ்சிலோ இடுப்பிலோ ஒரு பக்கம் மட்டும் பட்டையாக எரிந்து, கொப்புளம் வந்தால் அக்கி. நம் ஊரில் இதற்குக் குயவர் வீட்டில் போய்க் காவியால் எழுதிக்கொள்வது வழக்கம். எழுதிக்கொள்ளுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்கிவிடுங்கள். வயதானவர்களுக்கு அக்கி ஆறிய பிறகும் அதே இடத்தில் மாதக்கணக்கில் நரம்பு வலி தங்கிவிடுவது உண்டு. 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இதற்குத் தடுப்பூசியும் இருக்கிறது.

தாமதிக்கவே கூடாத நிலைகளும் உண்டு. சில நாட்களுக்குள் கால் பலம் குறைந்து, படியேற முடியாமல், அது மேல்நோக்கி ஏறிக்கொண்டே வந்தால் குல்லன்-பாரே நோயாக இருக்கலாம். வயிற்றுப்போக்கோ சளிக்காய்ச்சலோ வந்து சில வாரங்களில் இது வரும். 2025 ஜனவரியில் புனேயில் கொத்தாகப் பலருக்கு வந்தது இதுதான். அங்கே கேம்பிலோபாக்டர் என்ற வயிற்றுக் கிருமி பிடிபட்டது. மூச்சுத் தசை வரை ஏறக்கூடிய நோய் என்பதால் அன்றைக்கே ஐ.சி.யூ. வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். திடீரென்று பாதம் தொங்கிப்போவது, சிறுநீர் மலம் கட்டுப்பாடு இழப்பது, தொடைகளின் உட்பக்கம் மரத்துப்போவது ஆகியவையும் இதே அவசர வரிசைதான்.

படி 2: வீட்டிலேயே ஒரு சோதனை

இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில் உருவான எளிய தொடு சோதனை இது. கருவி எதுவும் வேண்டாம், வீட்டில் இன்னொருவர் இருந்தால் போதும்.

சோதிக்க வேண்டியவர் காலை நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொள்ளட்டும். வலது காலைத் தொட்டு "இது வலது" என்றும், இடது காலைத் தொட்டு "இது இடது" என்றும் முதலில் சொல்லிவிடுங்கள். பிறகு ஆள்காட்டி விரலின் நுனியால் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை, வலது, இடது இரண்டு காலிலும் மாற்றி மாற்றித் தொடுங்கள். பூவைத் தொடுகிற அளவுக்கு லேசாக, ஒன்றிரண்டு நொடி மட்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தடவக் கூடாது, "தெரியுதா?" என்று நடுவில் கேட்கவும் கூடாது. தொடும்போது அவர் வலது அல்லது இடது என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் இரண்டாவது முறை தொட்டுப் பார்க்காதீர்கள். தெரியவில்லை என்றே குறித்துக்கொள்ளுங்கள். மொத்தம் ஆறு இடத்தில் இரண்டோ அதற்கு மேலோ தவறினால் பாதம் உணர்ச்சி இழக்கத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள்.

எரிச்சலே இல்லாதவர்களுக்கும் இதைச் செய்து பார்க்கச் சொல்வேன். எரிகிற கால் தன்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி உங்களை நச்சரிக்கும். மரத்த கால் வாயே திறக்காது. கால் விரலை இழந்தவர்களில் பலருக்கு அந்தக் காலில் வலியே இருந்ததில்லை.

படி 3: காரணத்தைத் தேடுங்கள்

சர்க்கரை

முதல் சந்தேகம் எப்போதும் சர்க்கரை மீதுதான். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல். இவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் நரம்பு பாதிப்பு வரும். சர்க்கரை நோய் வந்து பல வருடம் ஆனவர்களுக்குத்தான் இது வரும் என்று நினைக்க வேண்டாம். சர்க்கரை நோய்க்கு முந்தைய எல்லைக்கோட்டு நிலையிலேயே பாத எரிச்சல் தொடங்கியவர்கள் உண்டு. வெறும் வயிற்றில் பார்த்தபோது சரியாக இருந்தது என்று விட்டுவிடாமல், ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை), குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனை இரண்டையும் கேளுங்கள். சர்க்கரையோடு கொழுப்பு, ரத்த அழுத்தம், புகை, வயிற்றுச் சதை ஆகியவையும் சேர்ந்துதான் நரம்பைக் கெடுக்கின்றன.

பி12

சைவ உணவுக்காரர்களுக்கு இது பழக்கமான பிரச்சினை. பி12 அசைவ உணவிலும், ஓரளவு பால், தயிரிலும்தான் இருக்கிறது. கீரையிலோ பருப்பிலோ இல்லை. அடுத்து, சர்க்கரைக்கு வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பில் பி12 சேர்வது குறையும். அதோடு தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு கேஸ் மாத்திரையும் போட்டால் இன்னும் குறையும். கால் எரிச்சல் என்று வருகிற சர்க்கரை நோயாளியிடம் எல்லாவற்றையும் சர்க்கரை தலையில் போட்டுவிடுவது எளிது. பாதிப் பழி பி12 குறைவுக்குப் போக வேண்டியிருக்கும்.

ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 200 பைகோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு என்று பொதுவாகச் சொல்வார்கள். 200 முதல் 300 வரை சந்தேகக் கோடு. ரத்தசோகை இல்லாமலே பி12 குறைவு நரம்பைத் தாக்கலாம், அதனால் "ஹீமோகுளோபின் நன்றாக இருக்கிறது" என்பது சமாதானம் ஆகாது. இன்னொரு சிக்கல்: மெடிக்கல் ஷாப் அட்டையைச் சாப்பிட்ட பிறகு சோதித்தால் அளவு ஏறித் தெரியும், உண்மை மறைந்துவிடும். ரத்தம் முதலில், மாத்திரை பிறகு.

நரம்பு மாத்திரையே நரம்பைக் கெடுப்பது

கேட்க வேடிக்கையாக இருக்கும். பி6 வைட்டமின் குறைந்தாலும் நரம்பு கெடும், கூடினாலும் கெடும். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை, நரம்பு மாத்திரை, ஜிம்மில் கொடுக்கும் பவுடர் என்று மூன்றிலும் பி6 இருந்தால் கூட்டுத்தொகை எங்கேயோ போய்விடும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் பெரியவர்களுக்கான உச்ச வரம்பை நாளுக்கு 12 மில்லிகிராம் என்று குறைத்தது. உங்கள் அட்டையின் பின்பக்கம் பைரிடாக்ஸின் (பி6-ன் பெயர்) என்று எழுதியிருக்கும் இடத்தில் எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். 50, 100 என்று இருக்கும் மாத்திரையை டாக்டர் சொல்லாமல் வருடக்கணக்கில் சாப்பிடாதீர்கள்.

மற்ற மருந்துகள்

காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியாசிட் பி6-ஐக் குறைக்கும். அதற்காகத்தான் கூடவே சின்ன அளவில் பி6 மாத்திரை தருகிறார்கள். அதை "வெறும் சத்து மாத்திரைதானே" என்று தள்ளிவைக்கக் கூடாது. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குத் தரும் லினசோலிட், புற்றுநோய்க்குத் தரும் வின்கிரிஸ்டின், சிஸ்பிளாட்டின், ஆக்ஸாலிபிளாட்டின், பாக்லிடாக்சல் ஆகியவை நரம்பைத் தொடும் என்பது தெரிந்த விஷயம். கீமோ நடக்கும்போது சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்றால் அடுத்த டோஸுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அளவைக் குறைக்கவோ மாற்றவோ வழி இருக்கிறது. மெட்ரோனிடசோல், நைட்ரோஃபுரன்டாயின், அமியோடரோன், ஃபெனிடாயின் ஆகியவையும் நீண்ட நாள் உபயோகத்தில் இந்த வேலையைச் செய்யலாம்.

நாட்டு மருந்து என்ற பெயரில் முறையாகச் சுத்தி செய்யாத பஸ்பம், செந்தூரம் சாப்பிடுவதால் ஈயம், ஆர்சனிக், பாதரசம் உடம்பில் சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். தகுதியுள்ள சித்த மருத்துவரிடம் லேபிளோடு வாங்குவது வேறு. பொட்டலத்தில் மடித்துக் கொடுப்பதை வாங்கிச் சாப்பிடுவது வேறு. டாக்டரிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள். பேட்டரி, ஈயப் பட்டறை வேலை செய்பவர்களும் தங்கள் வேலையைச் சொல்ல வேண்டும்.

மது

தினம் ஒரு குவார்ட்டர் என்று வருடக்கணக்கில் போனால் இரண்டு வழியில் அடி விழும். ஆல்கஹால் நேரடியாக நரம்புக்கு விஷம். சாப்பாடு குறைந்து பி1 வைட்டமினும் தீர்ந்துபோகும். இங்கே மாத்திரை அரைப்பங்கு வேலைதான் செய்யும், குடியை நிறுத்துவதுதான் மீதி.

தொழுநோய்

ஒழிந்துவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். உலகில் வருடந்தோறும் கண்டுபிடிக்கப்படும் புதிய நோயாளிகளில் பாதிக்கும் மேல் இன்றும் இந்தியாவில்தான். நோய்க்கிருமி தோலையும் குளிர்ந்த பகுதியில் ஓடும் நரம்புகளையும் பிடிக்கும். முழங்கைக்குப் பின்னால் நரம்பு கயிறு போலத் தடித்திருப்பது ஒரு அடையாளம். கூட்டு மருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம், 6 அல்லது 12 மாதம் சாப்பிட வேண்டும். திடீரென நரம்பு வீங்கி வலித்து, கை கால் பலம் குறைந்தால் 6 மாதத்துக்குள் ஸ்டீராய்டு தொடங்கினால்தான் நரம்பை மீட்கும் வாய்ப்பு அதிகம்.

மரத்த பாதத்தைப் பற்றி இன்று உலகம் அறிந்ததில் கணிசமான பகுதி வேலூரிலிருந்து வந்தது. 1940-களின் பிற்பகுதியிலிருந்து சி.எம்.சி. மருத்துவமனையில் வேலை பார்த்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தானாக உதிர்வதில்லை, வலி தெரியாமல் பட்ட காயமும் புண்ணும்தான் விரல்களைத் தின்கின்றன என்று காட்டினார். வேலூரிலும் பக்கத்துக் கரிகிரியிலும் அப்போது பரவலாக்கிய நுண்துளை ரப்பர் செருப்பைத்தான் இன்று "எம்.சி.ஆர். செருப்பு" என்று சர்க்கரை நோயாளிகளுக்கு எழுதிக்கொடுக்கிறார்கள்.

மீதிக் காரணங்கள்

தைராய்டு குறைவு, சிறுநீரகச் செயலிழப்பு, எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி, ரத்தக் குழாய் அழற்சி, ரத்தத்தில் தவறான புரதம் உருவாகும் நோய்கள், பரம்பரையாக வருவது என்று பட்டியல் நீளும். சின்ன வயதிலிருந்தே வளைந்த உயரமான பாதம், அப்பாவுக்கும் அப்படியே என்றால் பரம்பரை வகையை நினைக்கலாம். எல்லாச் சோதனையும் செய்து பார்த்தும் சிலருக்குக் காரணம் கிடைக்காது. அவர்களுக்கும் வலிக்கும் பாதப் பாதுகாப்புக்கும் கீழே சொல்வது பொருந்தும்.

படி 4: எந்தச் சோதனை வேண்டும்

முதல் சுற்றில் சர்க்கரை, ஹெச்பிஏ1சி, பி12, டி.எஸ்.ஹெச். (தைராய்டுக்கு), கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கு), ரத்த அணுக்கள், இ.எஸ்.ஆர். (அழற்சிக்கு) போதும். வயது கூடியவர்களுக்கு, ரத்தத்தில் தவறான புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் புரத எலக்ட்ரோஃபோரெசிஸ் சேர்ப்பார்கள்.

டாக்டர் அறையில் நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் வைத்து வளையும் வரை அழுத்துவார். அது வளைய 10 கிராம் விசை வேண்டும், அந்த அழுத்தமே தெரியவில்லை என்றால் பாதுகாப்பு உணர்ச்சி போய்விட்டது என்று பொருள். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிக் கட்டைவிரல் எலும்பில் வைப்பார். சர்க்கரை கிளினிக்குகளில் பயோதீசியோமீட்டர் என்ற கருவி இருக்கும். அதில் 25 வோல்ட்டுக்கு மேல் போனால்தான் அதிர்வு தெரிகிறது என்றால் புண் வரும் ஆபத்து அதிகம்.

அடுத்தது நரம்பு கடத்தல் சோதனை. சின்னச் சின்ன ஷாக் கொடுத்து நரம்பின் வேகத்தை அளப்பார்கள். கொஞ்சம் சுரீர் என்று இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை. ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: இது தடித்த இழைகளை மட்டுமே பார்க்கும். மெல்லிய இழை பாதிப்பு உள்ளவருக்கு ரிப்போர்ட் நார்மல் என்றே வரும். கால் தீயாய் எரிகிறது, ரிப்போர்ட் நார்மல், "எல்லாம் உங்கள் மனப்பிரமை" என்று வீட்டில் சொன்னால் நம்பாதீர்கள். தேவைப்பட்டால் தோலில் சின்ன மாதிரி எடுத்து மெல்லிய இழைகளை எண்ணிப் பார்க்க முடியும்.

படி 5: காரணத்துக்கு மருந்து

சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது முதல் வேலை. டைப் 1 நோயாளிகளிடம் செய்து 1993-ல் வெளியான டி.சி.சி.டி. என்ற பெரிய ஆய்வில், கறாரான கட்டுப்பாடு நரம்பு பாதிப்பை 60 சதவீதம் குறைத்தது. டைப் 2-வில் பலன் இவ்வளவு பளிச்சென்று இருக்காது. எடை, கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவசரமும் கூடாது. ஹெச்பிஏ1சி 12-ல் இருந்தவர் மூன்றே மாதத்தில் 7-க்கு இறக்கினால் எரிச்சல் புதிதாகக் கிளம்பலாம், இருந்தது பல மடங்கு கூடலாம். இன்சுலின்தான் கெடுத்தது என்று அதை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. நிறுத்த வேண்டாம், பெரும்பாலும் மாதக்கணக்கில் அடங்கிவிடும். படிப்படியாக இறக்குவதே நல்லது.

பி12 குறைந்தவர்களுக்கு நரம்புத் தொந்தரவும் இருந்தால் வழக்கமாக 1000 மைக்ரோகிராம் ஊசி முதலில் அடுத்தடுத்த நாட்கள், பிறகு வாரம் ஒன்று, அப்புறம் மாதம் ஒன்று என்று போகும். குறைவுக்கான காரணம் தீராதவர்களுக்கு ஆயுள் முழுவதும் ஏதோ ஒரு வடிவில் தேவைப்படும். சீக்கிரம் பிடித்தால் நன்றாகத் திரும்பும். வருடக்கணக்கில் விட்டால் தண்டுவடம் வரை போய் நடையே தள்ளாடும். பி12 அளவு நன்றாக இருப்பவருக்கு மீகோபாலமின் (பி12-ன் ஒரு வடிவம்) ஊசி போட்டால் எரிச்சல் குறையும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. நம் ஊரில் அதிகமாகப் போடப்படும் ஊசிகளில் அதுவும் ஒன்று என்பது வேறு விஷயம்.

குல்லன்-பாரே நோய்க்கு நோயெதிர்ப்புப் புரத ஊசி அல்லது ரத்தப் பிளாஸ்மா மாற்றுதல். ஸ்டீராய்டு அதில் உதவாது. இதே போல ஆனால் மெதுவாக, இரண்டு மாதத்துக்கு மேல் இழுக்கும் நாள்பட்ட வகை ஒன்று இருக்கிறது. அதற்கு ஸ்டீராய்டும் நன்றாக வேலை செய்யும். மணிக்கட்டு நரம்பு அழுத்தத்துக்கு இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையை ஆறு வாரமாவது கட்ட வேண்டும், தேவைப்பட்டால் அங்கே ஒரு ஸ்டீராய்டு ஊசி. கட்டைவிரல் மேட்டுச் சதை வற்ற ஆரம்பித்துவிட்டால் மட்டும் காத்திருக்காமல் அறுவை சிகிச்சை நிபுணரைப் பாருங்கள்.

படி 6: வலியையும் எரிச்சலையும் அடக்குவது

பாராசிட்டமாலும் டைக்ளோஃபெனாக்கும் இந்த வலிக்குக் கேட்காது. டைக்ளோஃபெனாக்கைத் தினமும் விழுங்கினால் சர்க்கரையால் ஏற்கனவே அடிபட்ட சிறுநீரகத்துக்குத்தான் கேடு. நரம்பு வலிக்கு வேலை செய்பவை வேறு இனம்: வலிப்பு நோய்க்கும் மனச்சோர்வுக்கும் வந்த மருந்துகள். சீட்டில் மனச்சோர்வு மாத்திரையைப் பார்த்துவிட்டு "என்னைப் பைத்தியம் என்று நினைத்துவிட்டாரா" என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். வலிச் செய்தி மேலே போகும் பாதையை அவை அடக்குகின்றன.

பிரகாபலின், காபாபென்டின் ஒரு குடும்பம். தூக்கம், தலைசுற்றல், கால் வீக்கம், எடை கூடுவது ஆகியவை தொந்தரவுகள். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். திடீரென்று நிறுத்தக் கூடாது. அமிட்ரிப்டிலின் பழைய மருந்து, விலை குறைவு, இரவில் 10 மில்லிகிராமில் தொடங்கலாம், தூக்கத்தையும் தரும். வாய் உலரும், மலச்சிக்கல் வரும்; புராஸ்டேட் வீக்கம், கண் அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது. டுலாக்ஸெடின் 30-ல் தொடங்கி 60 மில்லிகிராம் வரை போகும். முதல் வாரம் குமட்டல் இருக்கும், கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு வேண்டாம். கீமோவால் வந்த நரம்பு வலிக்கு ஓரளவாவது நிரூபணமான மாத்திரை இது ஒன்றுதான்.

எது உசத்தி? பிரிட்டனில் 130 சர்க்கரை நோயாளிகளிடம் அமிட்ரிப்டிலின், டுலாக்ஸெடின், பிரகாபலின் மூன்றையும் ஒப்பிட்ட ஆய்வு 2022-ல் வெளியானது. மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்று போதாதபோது இன்னொன்றைச் சேர்த்தால் கூடுதல் பலன் கிடைத்தது. ஆக, உங்கள் வயது, சிறுநீரகம், இதயம், தூக்கம், பர்ஸ் ஆகியவற்றைப் பார்த்துத்தான் டாக்டர் தேர்வு செய்கிறார். குறைந்த அளவில் தொடங்கி மெதுவாக ஏற்றி, சரியான அளவில் சில வாரம் பார்த்த பிறகே "கேட்கவில்லை" என்று முடிவெடுக்க வேண்டும். வலி முழுதாகப் போய்விடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். பாதியாகக் குறைந்து இரவில் தூங்க முடிந்தால் அது நல்ல வெற்றி. இந்த மருந்துகள் நரம்பைச் சரிசெய்வதில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

டிராமடால் மாதிரியான ஓபியம் வகை வலி மருந்துகளை இதற்கு நீண்ட நாள் தரக் கூடாது என்று அமெரிக்க நரம்பியல் கழகம் 2022-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. பழக்கமாகிவிடும்.

மேலே தடவுவதில் மிளகாயின் காரப் பொருளான கேப்சைசின் கிரீம் உண்டு. நாளுக்கு மூன்று நான்கு முறை, சில வாரம் விடாமல் தடவ வேண்டும். முதல் வாரம் எரிச்சல் கூடும், தடவிய கையோடு கண்ணைத் தொட்டால் அவ்வளவுதான். அதற்காக வீட்டு மிளகாய்த்தூளைக் குழைத்துப் பூசாதீர்கள், தோல் வெந்துபோகும். சின்ன இடத்தில் மட்டும் வலி என்றால், குறிப்பாக அக்கிக்குப் பிந்தைய வலிக்கு, லிடோகெய்ன் ஒட்டுப்பட்டை நல்லது. ஆல்ஃபா லிபோயிக் அமிலம் ரத்தக் குழாய் வழியாக ஏற்றும்போது சில வாரங்களுக்குப் பலன் தெரிகிறது, மாத்திரையாகச் சாப்பிடும்போது நிச்சயமில்லை. லேசான மின்தூண்டல் கருவி சிலருக்கு உதவும், பெரிய ஆபத்து இல்லை. பேஸ்மேக்கர் உள்ளவர்கள் மட்டும் கேட்டுவிட்டுப் பயன்படுத்தவும். அகச்சிவப்பு ஒளி, அதிர்வுச் செருப்பு, "பத்தே நாளில் நரம்பு புதுசாகும்" பேக்கேஜ் ஆகியவற்றுக்கு முன்பணம் கட்டுவதற்குப் பதில் அந்தக் காசில் நல்ல செருப்பு வாங்கலாம்.

படி 7: நடை, பிசியோதெரபி

வாரத்துக்கு 150 நிமிடம் நடை சர்க்கரைக்கு மட்டுமல்ல, நரம்புக்கும் நல்லது. பாதத்தில் புண் இருந்தால் நடைக்குப் பதில் உட்கார்ந்த இடத்தில் செய்யும் பயிற்சி. சமநிலைக்கு, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் இன்னொன்றை வைத்து நிற்பது, குதிகாலை உயர்த்தி இறக்குவது, பிறகு ஒற்றைக் காலில் சில நொடி. பாதம் தொங்கினால் கணுக்காலைத் தாங்கும் பிளாஸ்டிக் உறை போட்டால் தடுக்கி விழுவது நிற்கும். இரவில் பாத்ரூம் வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். கால் தராத தகவலைக் கண்தான் தர வேண்டும். பிரேக் மிதி காலுக்குத் தெரியாதவர்கள் கார் ஓட்டக் கூடாது.

படி 8: பாதத்தைக் காப்பது

என்னைக் கேட்டால் இந்தப் படிதான் மற்ற ஏழையும் விட முக்கியம்.

தினமும் இரவில் பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து அடிப்பாதத்தைப் பாருங்கள், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். விரலிடுக்கில் வெள்ளையாக ஊறியிருக்கிறதா, கால் ஆணியைச் சுற்றிக் கருத்திருக்கிறதா, சாக்ஸில் கறை இருக்கிறதா. பெண்கள் மெட்டியைக் கழற்றிப் பாருங்கள். விரல் வீங்கி மெட்டி இறுகி அதன் அடியில் புண் இருப்பது தெரியாமலே இருக்கும். கழுவியபின் விரலிடுக்கைத் துடைத்து உலர்த்துங்கள். குதிகால் வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் மட்டும் வேண்டாம். கால் ஆணியைப் பிளேடால் சீவுவதும், கடையில் விற்கும் ஆணிப் பிளாஸ்டர் ஒட்டுவதும் கூடாது. அதிலுள்ள அமிலம் நல்ல தோலையும் அரித்துவிடும்.

சூடுதான் பெரிய எதிரி. எரிச்சலுக்கு இதமாக இருக்கிறதென்று வெந்நீரில் காலை வைப்பவர்கள் அதிகம். தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பாருங்கள், அல்லது வீட்டில் வேறு ஒருவரைத் தொடச் சொல்லுங்கள். ஒத்தடப் பை வேண்டாம். பைக் சைலன்சர் பட்டு வெந்ததை மறுநாள் கொப்புளத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள் நிறைய. சித்திரை வெயிலில் உச்சிவேளைக்குக் கோயில் பிரகாரத்தை வெறுங்காலோடு சுற்ற வேண்டாம். காலையிலேயே போய்விடலாம், சாக்ஸ் போட்டுக்கொள்ளலாம். பழனிக்கு வெறுங்காலில் பாதயாத்திரை, தீமிதி என்ற வேண்டுதல் இருந்தால் உணர்ச்சி போன காலோடு அதை நிறைவேற்றாமல் வேறு நேர்த்திக்கடனாக மாற்றிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள்ளும் செருப்பு அவசியம். ஹவாய் செருப்பு ஆகாது. அது கழன்று விழுந்ததே தெரியாமல் தெருமுனை வரை போய்விடுவீர்கள். பின்னால் வார் வைத்த, எம்.சி.ஆர். அடிப்பகுதி கொண்ட செருப்பு போதும். பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் அளவு பார்த்து வாங்குங்கள். போடுவதற்கு முன் ஒருமுறை கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுப் பாருங்கள். கல், ஆணி, குழந்தையின் பொம்மைத் துண்டு எது வேண்டுமானாலும் இருக்கலாம்.

பாதம் ஒன்று திடீரென்று வீங்கி, சிவந்து, மற்றதைவிடச் சூடாக, ஆனால் பெரிய வலி இல்லாமல் இருந்தால் நடப்பதை அந்த நிமிடமே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். உள்ளே எலும்பு நொறுங்கத் தொடங்கியிருக்கலாம். கட்டுப் போட்டு எடையைத் தாங்காமல் வைத்தால் பாதத்தின் வடிவம் தப்பும். புண் வந்தால் மஞ்சள், காபித்தூள் வைத்து ஒரு வாரம் பார்ப்பது என்ற பேச்சே வேண்டாம், அன்றோ மறுநாளோ காட்டிவிடுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை பாதத்தை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று கேட்பார்கள். சர்க்கரை இருந்து உணர்ச்சி சரியாக இருந்தால் வருடம் ஒருமுறை. உணர்ச்சி மட்டும் குறைந்திருந்தால் 6 முதல் 12 மாதத்துக்குள் ஒருமுறை. அதோடு ரத்த ஓட்டக் குறைவோ பாத வடிவ மாற்றமோ சேர்ந்தால் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை. ஏற்கனவே புண் வந்து ஆறியிருந்தால், விரல் எடுத்திருந்தால், ஒன்று முதல் 3 மாதத்துக்குள் ஒருமுறை. போகும்போது போட்டுப் பழகிய செருப்பையே போட்டுக்கொண்டு போங்கள். எங்கே அழுத்துகிறது என்பதை அதன் தேய்மானத்தைப் பார்த்தே டாக்டர் சொல்லிவிடுவார்.